யூஆர்சி ரோவர் போட்டிக்குத் தயாராவது எப்படி: முதல் நாள் முதல் யூட்டா களம் வரை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஹாங்க்ஸ்வில் ஊருக்கு அருகே செவ்வாய்ப் பாலைவன ஆய்வு நிலையம் இருக்கிறது. செவ்வாய் ஆய்வை ஊக்குவிக்கும் மார்ஸ் சொசைட்டி அமைப்பு அங்கே ஆண்டுதோறும் மே மாதக் கடைசியை ஒட்டி யுனிவர்சிட்டி ரோவர் சேலஞ்ச் போட்டியை நடத்துகிறது. சுருக்கமாக யூஆர்சி. கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய ரோவரை, அதாவது கரடுமுரடான தரையில் ஓடும் ஆய்வு வண்டியை, அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அமர்ந்து, கேமரா வழியே பார்த்து ஓட்ட வேண்டும். இந்த வழிகாட்டி முதல் முறை அணி கட்டுபவர்களுக்கானது.

புதிய அணிகள் பெரும்பாலும் வேலை தெரியாமல் தோற்பதில்லை, வேலையைத் தலைகீழ் வரிசையில் செய்து தோற்கின்றன. செப்டம்பரில் ரோபோக் கையின் அழகான கணினி வரைபடம், ஜனவரியில் சக்கரம், மே மாதத்தில் ரேடியோ. கீழே உள்ள வரிசை அதற்கு நேர்மாறானது.

1. விதிநூலை எண்களாக உடையுங்கள்

விதிகள் ஆண்டுதோறும் மாறும். சீனியர்கள் விட்டுச்சென்ற பழைய கோப்பை நம்ப வேண்டாம். அந்த ஆண்டின் விதிநூலை அணி முழுதும் ஒரே அறையில் உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். அளவு, எடை, தூரம், நேரம் என்று எண் வரும் இடங்களை எல்லாம் ஒரு அட்டவணையில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொறுப்பாளர் ஒருவரை எழுதுங்கள்.

அடிக்கடி மாறாத அளவுகள் இவை. ஒரு பணிக்கு ரோவர் கிளம்பும்போது எடை 50 கிலோவைத் தாண்டக் கூடாது. நான்கு பணிகளுக்கும் கழற்றி மாட்டும் பாகங்கள் அனைத்தும் சேர்த்து 70 கிலோ. தொடக்கத்தில் 1.2 மீட்டர் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். எடை கூடினால் மதிப்பெண் குறையும். வயரோ கயிறோ கட்டி இழுக்கும் ஏற்பாடு கிடையாது.

மதிப்பெண் மொத்தம் 500. அறிவியல், பொருள் விநியோகம், கருவிப் பராமரிப்பு, தானியங்கி வழிநடத்தல் ஆகிய நான்கு பணிகளுக்குத் தலா 100. மீதி 100, மார்ச் மாதத்தில் நீங்கள் அனுப்பும் எஸ்ஏஆர் (சிஸ்டம் அக்செப்டன்ஸ் ரிவ்யூ, ரோவர் தயாரா என்ற ஆய்வு) அறிக்கைக்கும் வீடியோவுக்கும். ஆக ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண் ஊரில் இருந்தபடியே தீர்மானமாகிவிடுகிறது. களத்தில் ரோவர் சிக்கி, ஆள் போய்க் கை வைக்க நேர்ந்தால், ஒவ்வொரு முறைக்கும் அந்தப் பணியின் மதிப்பெண்ணில் 20 சதவீதம் போகும். இரண்டு முறை சிக்கினால், எவ்வளவு திறமையான கை மாட்டியிருந்தாலும் பயனில்லை.

2. ஆட்களைப் பிரிக்கும்போது ‘இணைப்பு’க்கு ஒருவர்

இயந்திரம், மின்னணு, மென்பொருள், அறிவியல், பணம்–பயணம் என்று ஐந்து குழு போதும். இவற்றுக்கு வெளியே, எந்தக் குழுவிலும் இல்லாத ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். எந்த பாகம் எந்த போல்ட் துளையில் உட்காருகிறது, எந்தக் கனெக்டர் எத்தனை பின், எந்த மோட்டாருக்கு எந்த அடையாள எண் என்பதை ஒரே தாளில் வைத்திருப்பதுதான் அவர் வேலை. அவர் கையெழுத்து இல்லாமல் யாரும் துளை போடக் கூடாது.

இது இல்லாத அணியில் என்ன நடக்கும் என்றால், கை தயார், சேசிஸ் (அடிச்சட்டம்) தயார், இரண்டையும் சேர்க்கும் அன்றுதான் கையின் அடித்தட்டு பேட்டரி மூடிமேல் உட்காருவது தெரியும். பேட்டரியை மாற்ற, ஒவ்வொரு முறையும் கையைக் கழற்ற வேண்டும்.

3. எடையைப் பங்கு போடுங்கள்

வரைபடம் தொடங்கும் முன்பே 50 கிலோவைப் பிரித்துவிடுங்கள். ஆறு சக்கர ரோவருக்கு நடைமுறைக்கு ஒத்துவரும் ஒரு பங்கீடு: சேசிஸும் சஸ்பென்ஷனும் 11 கிலோ, சக்கரம்–மோட்டார்–கியர் ஒன்றுக்கு 2 கிலோ வீதம் 12, கை 9, பேட்டரி 4, மின்னணுப் பெட்டி 4, கேமரா–ஆன்டெனா கம்பம் 2, வயர்–போல்ட்–நட்டு 3. கூட்டினால் 45. மீதி 5 கிலோவை யாருக்கும் கொடுக்காதீர்கள். பிப்ரவரிக்குள் அது தானாகத் தீர்ந்துவிடும்.

வயருக்கும் போல்ட்டுக்கும் 3 கிலோவா என்று எல்லோரும் கேட்பார்கள். வரைபட மென்பொருளில் வயருக்கு எடை இல்லை, அதனால்தான் கேட்கிறார்கள். வாரம் ஒருமுறை தராசில் ஏற்றி உண்மையான எடையை எழுதுங்கள்.

4. ரேடியோதான் முதல் வேலை

ரோவர் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு மேசையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை போகலாம். நடுவில் குன்று வரலாம், நேர்க்கோட்டுப் பார்வை கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. மேசைப் பக்க ஆன்டெனாவின் உயரம் 3 மீட்டருக்குள். இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்தக் களத்தைக் கடினமாக்குகின்றன.

1 கிலோமீட்டர் இணைப்பின் நடுப்புள்ளியில் ரேடியோ அலைக்குத் தேவைப்படும் திறந்த இடத்தின் ஆரம் 900 மெகாஹெர்ட்ஸில் சுமார் 9 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸில் 5.6 மீட்டர். 3 மீட்டர் கம்பத்தால் அது கிடைக்காது. கண்ணுக்குத் தெரிகிறதே என்றாலும் அலையின் கீழ்ப்பாதியைத் தரை தின்றுவிடும். கணக்கில் சரியாக வருகிற ரேடியோ களத்தில் படுப்பது இதனால்தான். திறந்தவெளி இழப்பு, அதாவது தடையே இல்லாவிட்டாலும் தூரத்தால் அலை இழக்கும் வலு, 1 கிலோமீட்டருக்கு 900 மெகாஹெர்ட்ஸில் 92 டெசிபெல், 2.4 கிகாஹெர்ட்ஸில் 100 டெசிபெல். இதற்கு மேல் குறைந்தது 20 டெசிபெல் கையிருப்பு வையுங்கள்.

பல அணிகள் வீடியோவை 2.4 கிகாஹெர்ட்ஸிலும் கட்டளையை 902–928 மெகாஹெர்ட்ஸிலும் அனுப்புகின்றன. 900 பட்டை மூன்று துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பணிக்கு எந்தத் துண்டு என்பதை ஏற்பாட்டாளர்கள் சொல்வார்கள். சொன்னவுடன் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். அலைவரிசை மாற்றத்தை ஒரே பொத்தானில் முடியும்படி எழுதிவையுங்கள்.

நம் ஊரில் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. 902–928 அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் 890–915 செல்போன்களுக்கான பட்டை, அங்கே ஒலிபரப்புவது சட்டவிரோதம், பக்கத்துக் கோபுரத்துக்கும் தொந்தரவு. எனவே 900 ரேடியோக்களை ஆன்டெனா இல்லாமல், கேபிளும் அட்டெனுவேட்டரும் (அலையின் வலுவைக் குறைக்கும் கருவி) கோத்து மேசைமேல் சோதியுங்கள். பத்துப் பத்து டெசிபெல்லாகக் கூட்டிக்கொண்டே போய், எந்த இழப்பில் வீடியோ உறைகிறது, எந்த இழப்பில் கட்டளையும் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திறந்தவெளி ஓட்டத்துக்கு ஊரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் போதும்.

இணைப்பு போனால் ரோவர் என்ன செய்யும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். அரை வினாடி கட்டளை வரவில்லை என்றால் சக்கரம் நிற்க வேண்டும், கை இருந்த இடத்தில் பிடித்து நிற்க வேண்டும். 20 வினாடி தாண்டினால், வந்த தடத்திலேயே கடைசியாக இணைப்பு இருந்த புள்ளிக்குப் பின்னால் வரும்படி செய்தால் ஒரு ‘கை வைப்பு’ மிச்சம். இந்தச் சின்ன நிரல் 20 சதவீத மதிப்பெண்ணைக் காப்பாற்றும்.

5. சக்கரமும் மோட்டாரும்

கணக்கை ஒருமுறை கையால் போடுங்கள். 50 கிலோ ரோவர், 35 டிகிரி சரிவு. கீழே இழுக்கும் விசை 50 × 9.81 × சைன் 35, அதாவது 281 நியூட்டன். உருள் தடைக்கு 60 சேர்த்தால் சுமார் 340. சக்கர ஆரம் 13 செ.மீ. என்றால் மொத்த முறுக்கு 44 நியூட்டன் மீட்டர், ஆறில் வகுத்தால் ஒரு சக்கரத்துக்கு 7.4. பாறையில் ஏறும்போது இரண்டு சக்கரம் காற்றில் தொங்கும் என்பதால் இதை இரண்டரை மடங்காக்கி, 18 நியூட்டன் மீட்டர் தரக்கூடிய கியர் மோட்டாரைப் பாருங்கள். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 73 சுற்று தேவை.

இத்தோடு நிறுத்தினால் பாதிக் கணக்குதான். டேன் 35 என்பது 0.7. சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே உராய்வுக் கெழு 0.7 இல்லை என்றால் எந்த மோட்டாரும் உங்களை மேலே ஏற்றாது, சக்கரம் மட்டும் சுழலும். முறுக்கு போதவில்லை என்று மோட்டாரை மாற்றும் அணிகளில் பல உண்மையில் மாற்ற வேண்டியது டயரை. மெல்லிய, நசுங்கிக் கொடுக்கும் டயரும் 8 முதல் 10 மி.மீ. உயரப் பட்டைகளும் வழவழப்பான கெட்டிச் சக்கரத்தைவிட நன்றாகப் பிடிக்கும். ஹாங்க்ஸ்வில் தரை பெரும்பாலும் வெயிலில் பொரிந்த களிமண், அதன்மேல் உதிரிச் சரளை. மழை பெய்தால் அதே களிமண் பெண்டோனைட் சேறாகிச் சக்கரத்தில் அப்பும், பட்டைகளின் இடைவெளி குறைவாக இருந்தால் முழுதும் அடைந்துவிடும்.

ஆறு சக்கர ராக்கர்–போகி அமைப்பு (சக்கரங்களைக் கீல் போட்ட கைகளில் மாட்டும் சஸ்பென்ஷன்) புதிய அணிக்குப் பாதுகாப்பான தேர்வு. ஸ்பிரிங் இல்லை, சரிசெய்ய எதுவும் இல்லை. இடது வலது ராக்கர்களை இணைக்கும் சமன்பட்டையின் முனைகளில் ரோஸ் மூட்டு (எந்தப் பக்கமும் சாயும் உருண்டை மூட்டு) போடுங்கள். வெறும் போல்ட்டும் வாஷரும் போட்டால் அந்தப் பட்டை இரண்டே ஓட்டத்தில் வளையும்.

சக்கரத்தை மோட்டார் தண்டோடு பிணைக்கும் இடத்தில் கிரப் ஸ்குரூவை (தலையில்லாத சிறு திருகு) நம்பாதீர்கள். முன்னும் பின்னும் திரும்பும் சுமையில் அது தளர்ந்தே தீரும், லாக்டைட் என்ற திருகுப் பசை அதைத் தள்ளிப்போடும் அவ்வளவுதான். சாவி வெட்டிய (வழுக்காமல் பிடிக்க உலோகத் துண்டு பொருத்திய) தண்டோ இறுக்கிப் பிடிக்கும் ஹப்போ வேண்டும். பட்டறையில் சாவிக்காடி வெட்டச் சொன்னால் ஒரு நாள் கூடுதலாகும், அதைக் கொடுங்கள்.

நவம்பர் முடிவுக்குள் பலகையும் பழைய பேட்டரியும் கட்டியாவது ரோவர் ஓட வேண்டும். ஓடுகிற வண்டி கையில் இருந்தால்தான் மென்பொருள் குழுவுக்கு வேலை கிடைக்கும்.

6. மின்சாரம்

சமதளத்தில் ஓட 150 முதல் 200 வாட், கணினி, ரேடியோ, கேமராவுக்கு 60 வாட். ஒரு மணி நேரப் பணிக்கு 250 வாட்–மணி. ஏற்றமும் சூடும் சேர்த்து 450 வாட்–மணி வைத்தால் நிம்மதி. பேட்டரியை ஒரே பெரிய பொட்டலமாகச் செய்யாமல் 100 வாட்–மணிக்குக் குறைவான பொட்டலங்களாகப் பிரியுங்கள். காரணம் 12-ஆம் பகுதியில் வரும்.

அவசர நிறுத்தப் பொத்தான் சிவப்பாக, வெளியே, எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அழுத்தியதும் மோட்டார் மட்டும் நின்றால் போதாது, பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம் முழுதும் துண்டிக்கப்பட வேண்டும். கணினிக்குத் தனி வழி வைத்திருக்கும் அணிகள் பரிசோதனையில் திரும்பி வரும். இன்னொன்று: கடையில் கிடைக்கும் பொத்தான்களின் ஆம்பியர் அளவு ஏசி மின்சாரத்துக்கானது. 24 வோல்ட் டிசியில் 60 ஆம்பியரை நேராக அதன் வழியே விட்டால் உள்தொடுப்பு பற்றவைத்துக்கொள்ளும், அழுத்தினாலும் நிற்காது. பொத்தான் கான்டாக்டரின் (மின்காந்தச் சுருளால் இயங்கும் பெரிய சுவிட்ச்) சுருளை மட்டும் துண்டிக்கட்டும், பெரிய மின்னோட்டத்தைக் கான்டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ஃப்யூஸ். மோட்டார் வயரும் என்கோடர் (சுழற்சியை அளக்கும் உணரி) வயரும் ஒரே கட்டில் போகக் கூடாது. கேன் பஸ் (கணினியும் மோட்டார் பலகைகளும் பேசிக்கொள்ளும் இரு வயர்ப் பாதை) பயன்படுத்தினால் இரண்டு முனைகளில் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர். மின்சாரத்தை அணைத்துவிட்டு இரு வயருக்கு இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிற்று, 40 காட்டினால் யாரோ நடுவில் மூன்றாவதைப் போட்டிருக்கிறார்கள். ‘சில நேரம் மட்டும் மோட்டார் பதில் சொல்வதில்லை’ என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சோதனை மேசையில் மின்வழங்கியில் ஓட்டும்போது சக்கரத்தைச் சட்டென்று நிறுத்தினால் மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமில்லாமல் மின்வழங்கி அணைந்துவிடும். மோட்டார் டிரைவர் (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பலகை) பழுது என்று கழற்றத் தொடங்காதீர்கள். பேட்டரியில் போட்டுப் பாருங்கள்.

7. கை

பொருள் விநியோகத்தில் 5 கிலோ வரை தூக்க வேண்டும். கருவிப் பராமரிப்பில் விசைப்பலகையில் எழுத்துத் தட்டுவது, ஆலன் ஸ்குரூ திருகுவது, ஜாய்ஸ்டிக்கைத் தள்ளுவது போன்ற நுணுக்க வேலை. இரண்டுக்கும் ஒரே கை. அதனால் இரண்டு கணக்கு.

தூக்குவதற்கு: 80 செ.மீ. நீட்டிய கையின் நுனியில் 5 கிலோ, தோள் மூட்டில் 39 நியூட்டன் மீட்டர். கையின் சொந்த எடையில் தோளுக்கு அப்பால் உள்ளது 4 கிலோ, 35 செ.மீ. தூரத்தில் என்று கொண்டால் இன்னும் 14. மொத்தம் 53, பாதுகாப்புக்கு 90 என்று கொள்ளுங்கள். மின்சாரம் போனாலும் கை விழாத கியர் அல்லது லீனியர் ஆக்சுவேட்டர் நல்லது. அவசரப் பொத்தானை அழுத்தும்போது பக்கத்தில் நிற்பது உங்கள் ஆள்.

நுணுக்கத்துக்கு: தோள் மூட்டில் 1 டிகிரி ஆட்டம் இருந்தால் 80 செ.மீ. தள்ளி நுனியில் 14 மி.மீ. ஆட்டம். விசைப்பலகையில் ஒரு எழுத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 19 மி.மீ. அந்த ஆட்டத்தோடு ‘எஸ்’ஸைத் தட்டப் போனால் ‘ஏ’வோ ‘டி’யோ தான் விழும். மென்பொருளில் இதைச் சரிசெய்ய முடியாது. கியர் வாங்கும்போதே ஆட்டத்தின் அளவைக் கேட்டு வாங்குங்கள். தோளில் பணம் செலவழியுங்கள், மணிக்கட்டில் மலிவானது போதும், ஏனென்றால் அதற்கு அப்பால் நீளம் குறைவு.

விரல் நுனியில் தட்டுவதற்கென்று 5 மி.மீ. ரப்பர் முளை ஒன்று வையுங்கள். கையைப் பக்கவாட்டிலிருந்து பார்க்க ஒரு கேமரா கட்டாயம். மணிக்கட்டுக் கேமரா மட்டும் இருந்தால் ஆழம் தெரியாமல் ஓட்டுநர் காற்றில் துழாவிக்கொண்டிருப்பார்.

8. கேமராவும் கட்டுப்பாட்டு மேசையும்

தெளிவைவிடத் தாமதம் முக்கியம். 640 × 480, விநாடிக்கு 15 படம், எச்.264 சுருக்கம், ஒரு கேமராவுக்கு 500 முதல் 800 கிலோபிட். தொலைந்ததைத் திரும்பக் கேட்காத யூடிபி முறையில் அனுப்புங்கள். டிசிபியில் அனுப்பினால் தொலைந்த படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஓட்டுநர் மூன்று வினாடி பழைய காட்சியைப் பார்த்து ஓட்டுவார்.

நான்கு யூஎஸ்பி கேமராவை ஒரே ஹப்பில் மாட்டினால் இரண்டுதான் எழும். கேமரா ஒவ்வொன்றும் முன்கூட்டியே பாதையைப் பிடித்துவைத்துக்கொள்வதே காரணம். சுருக்கிய வடிவத்தில் எடுங்கள், இரண்டு தனி வழியில் பிரித்து மாட்டுங்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகு கேமரா எண்ணும் சீரியல் போர்ட் எண்ணும் இடம் மாறும். இடது மோட்டார் கட்டளை வலதுக்குப் போவது இப்படித்தான். கருவியின் வரிசை எண்ணை வைத்து நிலையான பெயர் கட்டிவிடுங்கள்.

9. தானியங்கி வழிநடத்தல்

வரிசை: முதலில் ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் இடங்காட்டி) புள்ளிக்குப் போய் நிற்பது, பிறகு அருக்கோ குறியை (கேமரா படிக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டக் குறி) தேடுவது, கடைசியாகப் பொருள் தேடல். முதல் இரண்டும் நம்பிக்கையாக வராமல் மூன்றாவதைத் தொடாதீர்கள். ஜிஎன்எஸ்எஸ் புள்ளி மட்டும் தரப்பட்ட கம்பத்திலிருந்து 3 மீட்டருக்குள், குறி உள்ள கம்பத்திலிருந்து 2 மீட்டருக்குள் நிற்க வேண்டும். தானாக ஓடும்போது சிவப்பு விளக்கு, ஆள் ஓட்டும்போது நீலம், சேர்ந்ததும் மின்னும் பச்சை. பாலைவன நண்பகலில் நடுவர் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வேண்டும். நிழலில் பார்த்து வாங்கிய எல்இடி பட்டை அங்கே எரிவதே தெரியாது.

ஆயத்தொலைவு வடிவத்தில் கவனம். 38 டிகிரி 24.38 நிமிடம் என்பதைத் தசம டிகிரியில் எழுதினால் 38.4063. அவசரத்தில் 38.2438 என்று அடித்தால் ரோவர் 18 கிலோமீட்டர் தெற்கே கிளம்பும். மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி. கிழக்கிலேயே சோதித்துப் பழகிய நம் அணிகளுக்கு இது மறந்துபோகும். உள்ளிட்ட புள்ளி 2 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் மென்பொருளே மறுக்கட்டும்.

காந்தத் திசைகாட்டியிலும் இதே கதை. தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் மிகச் சிறிது, விட்டுவிட்டாலும் தெரியாது. ஹாங்க்ஸ்வில்லில் அது சுமார் 10 டிகிரி கிழக்கு. திருத்தாமல் 100 மீட்டர் போனால் 17 மீட்டர் விலகல். திசைகாட்டியை மோட்டாரிலிருந்து தள்ளி, கம்பத்தின் உச்சியில் வையுங்கள்.

20 செ.மீ. குறியை எவ்வளவு தூரத்தில் படிக்க முடியும் என்பதும் கணக்குதான். 70 டிகிரி பார்வையும் 1280 பிக்சல் அகலமும் உள்ள கேமராவில் 8 மீட்டர் தூரத்தில் குறி சுமார் 23 பிக்சல். ஓரத்தோடு ஆறு கட்டம் என்றால் கட்டத்துக்கு 4 பிக்சல்கூட இல்லை. அதற்கு மேல் தூரம் வேண்டுமென்றால் அதிகப் பிக்சலோ குறுகிய லென்ஸோ வேண்டும், நிரலை மெருகேற்றிப் பயனில்லை. சுழன்றுகொண்டே தேடாதீர்கள், படம் மங்கும். 20 டிகிரி திரும்பி, ஒரு வினாடி நின்று, பார்த்துவிட்டு அடுத்தது.

தேட வேண்டிய பொருள்களில் ஆரஞ்சு நிற ரப்பர் சுத்தியல் வந்திருக்கிறது. செந்நிறத் தரையில் நிறத்தை மட்டும் வைத்துத் தேடினால் பாறையெல்லாம் சுத்தியலாகும். பயிற்சிப் படங்களைச் செம்மண்ணில், உச்சி வெயிலில் எடுங்கள். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காடு நிறத்துக்கு நல்ல இடம். ஆனால் அங்கே மணல் உதிரி, சக்கரப் பிடிப்பை அங்கே சோதித்து முடிவுக்கு வர வேண்டாம்.

10. அறிவியல் பணி

பொறியாளர்கள் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவார்கள். நான்கில் ஒரு பணி என்பதை நினைவில் வையுங்கள். குறைந்தது 10 செ.மீ. ஆழத்திலிருந்து மண் எடுக்க வேண்டும். காய்ந்த களிமண்ணில் தோட்டத்து அகர் (திருகுத் துளைப்பான்) மேலேயே வழுக்கும். துளைப்பானைக் கீழே அழுத்த, ரோவர் எடையையே பயன்படுத்தும் சட்டம் வேண்டும்.

சோதனை எதுவாக இருந்தாலும், புரதத்துக்குப் பையூரெட் ஆகட்டும், அமினோ அமிலத்துக்கு நின்ஹைட்ரின் ஆகட்டும், கூடவே இரண்டு குப்பி வையுங்கள்: உயிர் நிச்சயம் இருப்பது ஒன்று, கரிமப் பொருள் முழுதும் எரியும்வரை சூடாக்கிய மண் ஒன்று. நடுவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘ஒன்றும் இல்லாத மண்ணில் இது என்ன நிறம் காட்டும்?’ என்பதாகத்தான் இருக்கும். நின்ஹைட்ரினுக்குச் சூடு வேண்டும், அந்த ஹீட்டரின் வாட்டை மின்கணக்கில் சேர்த்தீர்களா என்று பாருங்கள். 5 கிராம் மண்ணுக்கு 10 மி.லி. நீர் தாராளம். திரவப் பெட்டிக்கு நேர் கீழே சர்க்யூட் போர்டு இருக்கவே கூடாது.

பரந்த காட்சிப் படத்தில் திசையும் அளவுகோலும் போட மறக்கும் அணிகள் ஏராளம். ஒரு நிமிட வேலை.

11. பிடிஆர், எஸ்ஏஆர், ஒத்திகை

டிசம்பரில் பிடிஆர் (பிரிலிமினரி டிசைன் ரிவ்யூ, தொடக்க வடிவமைப்பு ஆய்வு). திட்டமும் பணமும் ஆட்களும் நம்பும்படி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். மார்ச்சில் எஸ்ஏஆர் தான் வடிகட்டி. பதிவு செய்யும் அணிகள் நூற்றைத் தாண்டும், களத்துக்கு அழைக்கப்படுவது நாற்பதுக்குக் குறைவு. வீடியோவில் இசையும் சுழலும் வரைபடமும் வேண்டாம். வெளியில், மண்ணில், வெட்டாமல் எடுத்த ஓட்டம், கை பொருளை எடுக்கும் முழுக் காட்சி, மேசைத் திரையும் ரோவரும் ஒரே சட்டத்தில். நடுவர்கள் தேடுவது இவற்றைத்தான்.

மார்ச்சுக்குப் பிறகு புதிய பாகம் எதுவும் இல்லை. வாரம் இரண்டு முழு ஒத்திகை. ஓட்டுநர் ரோவரைப் பார்க்க முடியாத அறையில் இருக்க வேண்டும், களத்தில் இருப்பவர் அவரோடு பேசக் கூடாது, கடிகாரம் ஓட வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்து ரோவர் நகரும்வரை 15 நிமிடத்தில் முடியும்வரை அதையே திரும்பச் செய்யுங்கள். மின்னணுப் பெட்டியை மதிய வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்து ஓட்டுங்கள். கறுப்புப் பெட்டி என்றால் கணினி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வெள்ளை அடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்குக் காற்றாடியும் தூசி வடிகட்டியும்.

12. பயணம்

அணியில் யார் யாருக்குக் கடவுச்சீட்டு இல்லை என்பதைச் செப்டம்பரிலேயே கேளுங்கள். எஸ்ஏஆர் முடிவுக்கும் போட்டிக்கும் இடையே உள்ள காலம், கடவுச்சீட்டையும் அமெரிக்க விசாவையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப் போதாது.

தனியாகக் கழற்றிய லித்தியம் பேட்டரியை விமானத்தில் கைப்பையில் மட்டும்தான் கொண்டுபோகலாம். 100 வாட்–மணி வரை பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதுவும் ஆளுக்கு இரண்டுதான். 6 செல், 22 ஆம்பியர்–மணிப் பொட்டலம் ஏறக்குறைய 490 வாட்–மணி, விமான நிலையத்திலேயே நின்றுவிடும். சிறு பொட்டலங்களாகப் பிரிக்கச் சொன்னது இதற்குத்தான். இல்லையென்றால் அமெரிக்காவில் கடையில் கிடைக்கும் மாதிரியை வைத்து வடிவமைத்து, அங்கே போய் வாங்குங்கள். முனையங்களில் இன்சுலேஷன் டேப் ஒட்ட மறக்க வேண்டாம்.

ரோவர் பாகங்களின் பட்டியல், வரிசை எண், மதிப்பு, படம் எல்லாவற்றையும் அச்செடுத்து, புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். இது இல்லாமல் திரும்பினால் உங்கள் ரோவருக்கே வரி கேட்பார்கள்.

ஹாங்க்ஸ்வில் மிகச் சிறிய ஊர். மி.மீ. அளவு போல்ட் அங்கே கிடைக்கும் என்று நம்பாதீர்கள். எம்3 முதல் எம்8 வரை எல்லா நீளத்திலும் ஒரு டப்பா, ஒரு முழுச் சக்கரத் தொகுதி, ஒரு மோட்டார் டிரைவர், ஒரு கணினி, நிரல் ஏற்றிய இரண்டு நினைவட்டை. அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சார்ஜர் எல்லாம் அதை ஏற்குமா என்று அடிப்பக்க லேபிளைப் படியுங்கள்.

13. களத்தில்

வந்த அன்றே எல்லா போல்ட்டையும் இறுக்கி, பெயின்ட் பேனாவால் நட்டுக்கும் தட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். கோடு முறிந்திருந்தால் தளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு பணிக்கு முன்பும் ஒரு சுற்று கண்ணோட்டம் போதும்.

பணிக்கு முந்தைய இரவு நிரலைத் தொடக் கூடாது. கடைசியாக முழு ஒத்திகையில் ஓடிய பதிப்பு எதுவோ, அதுதான் போகும். ‘ஒரே ஒரு வரி’ என்று சொல்லி வருபவரிடமிருந்து மடிக்கணினியை வாங்கி வையுங்கள்.

மேசையில் மூவர் போதும்: ஓட்டுநர், கை ஓட்டுநர், நேரமும் விதியும் பார்ப்பவர். பேச வேண்டியவர் மூன்றாமவர். ரோவர் சிக்கினால் உடனே கை வைக்கக் கேட்காதீர்கள். முதலில் பின்னால் ஒரு சக்கரச் சுற்று, பிறகு பக்கவாட்டில், மூன்று நிமிடம் முயன்றும் வரவில்லை என்றால், மீதி நேரத்தில் எடுக்க முடிகிற மதிப்பெண் 20 சதவீதத்தைவிடப் பெரிதா என்று நேரம் பார்ப்பவர் சொல்லட்டும். பெரிதென்றால் கேளுங்கள், இல்லையென்றால் இருக்கும் இடத்திலிருந்தே கேமராவால் செய்ய முடிந்ததைச் செய்யுங்கள்.

பணி முடிந்து ரோவர் திரும்பியதும் கழுவ வேண்டாம். களிமண் ஈரமானால் பேரிங்குக்குள் போய் உட்காரும். உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, பதிவுக் கோப்புகளை இறக்கிக்கொண்டு, பேட்டரியை நிழலில் ஆறவைத்துச் சார்ஜ் போடுங்கள்.